பட்டினி எலிகள்

சவப்பெட்டிமேல் ஆளுக்கொரு பூ வைத்துவிட்டு, சுவீடனின் லுண்ட் நகரத் தேவாலயக் கூடத்தில் குடும்ப மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நான்கு பேர்: இறந்துபோன சிக்ஸ்டனின் அக்கா ஹெட்விக், அவள் கணவர் பேராசிரியர் டோர்ஸ்டன், சித்தப்பா மகன் ஈலோஃப், டோர்ஸ்டனின் ஆய்வகத்தில் எலிக்கூண்டு கழுவிய குன்வோர். மற்ற மேசைகளில் பழைய ஆய்வகத்தார். பத்தொன்பது வருடம் தம்பியை வாசற்படி மிதிக்கவிடாத ஹெட்விக், முதுகு வளையாமல் காப்பி ஊற்றினாள்.

"எளகின மனசு அவனுக்கு, அக்கா," என்றான் ஈலோஃப், இறால் அடுக்கிய ரொட்டிக் கேக்கை வாயில் அடைத்தபடி. "எலிங்களுக்குத் திருட்டுத் தீனி போட்டு அத்தானோட ஆராய்ச்சியையே கவுத்துட்டான்."

வயிறு காலியானால், குடலில் நரம்புப் புரதத்தை உண்டாக்கும் மரபணு அடங்குகிறதா என்பது டோர்ஸ்டனின் கேள்வி. இரண்டு நாள் பட்டினி போட்டும் அது அடங்கவில்லை. எலிகளுக்குப் பொறுப்பாயிருந்த சிக்ஸ்டன், தீனி போட்டுவிட்டான் என்ற பழியில் வேலையை இழந்தான். குடும்பத்தின் பெயரைக் கெடுத்தவன் என்று ஹெட்விக்கும் கதவை மூடினாள்.

குன்வோர் கோப்பையைத் தள்ளிவைத்தாள். "அவரு ஒரு பருக்கை போடல. கூண்டுல விரிச்ச மரத்தூள் கெடந்தா பசியில எலிங்க அதையே தின்னுடும், தூள் இல்லாத கம்பித்தட்டு வர்ற வரைக்கும் பொறுக்கலாம்னு ரெண்டு தடவ கெஞ்சுனாரு. நான் அங்கதான் நின்னேன்."

"யார்கிட்ட கெஞ்சுனான்?" என்றாள் ஹெட்விக்.

குன்வோர் டோர்ஸ்டனைப் பார்த்தாள்.

ஹெட்விக் கணவர் பக்கம் திரும்பினாள். "எலிங்க வயித்த அறுத்தப்போ உள்ள என்ன இருந்துச்சு?"

"இங்க வேணாம், ஹெட்விக்."

"என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்."

"மரத்தூள்."

"அன்னிக்கே தெரியும் உங்களுக்கு."

"மாநாட்டுக்குப் பத்து நாள்தான் இருந்துச்சு. அவன் சின்ன வயசு, வேற வேலை கெடைச்சுடும்னு நெனச்சேன்."

ஈலோஃப் மெல்லுவதை நிறுத்தினான். ஹெட்விக் கணவரின் கோப்பையில் மட்டும் காப்பி ஊற்றாமல் கெண்டியைக் கீழே வைத்தாள்.

வந்திருந்த இரங்கல் அட்டைகளைக் குடும்பத்தில் மூத்தவர் வாசிப்பது வழக்கம். அவள் எழுந்து கண்ணாடியை மாட்டினாள். கூடம் அடங்கியது. இரண்டு அட்டைகளை வாசித்தாள். மூன்றாவது, பழைய ஆய்வகத்தார் கையெழுத்திட்டது.

"'பசித்த எலிக்கும் இரங்கிய நம் சிக்ஸ்டனுக்கு.'"

சிலர் புன்னகைத்தார்கள். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, வாசித்த அதே குரலில் ஹெட்விக் சொன்னாள்:

"என் தம்பி எலிக்குத் தீனி போடல. அதுங்க தின்னது மரத்தூள். வேணாம்னு அவன் சொல்லியும் எலிங்கள அதுமேலயே வைக்கச் சொன்னது என் வீட்டுக்காரர்."