கிழவர் கிழவராக இருக்கும்வரை

ரெஜிலா வெளிநாட்டில் முதியோரைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அவள் கவனித்துக்கொண்ட விட்டேக்கர் என்பவருக்கு வயது தொண்ணூற்றொன்றிலிருந்து எண்பத்தாறாகக் குறைந்திருந்தது. கம்பெனி மெமோ கொடுத்தது.

தப்பு அவளுடையதுதான். கவனிப்புத் திட்டத்தில் காலையில் ஒரு ரொட்டித் துண்டு, மாலையில் ஒரு ரொட்டித் துண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தது. ரெஜிலா நாகர்கோவில்காரி. மனிதர் இப்படி வாடிப்போய்க் கிடக்கிறாரே என்று உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் விட்டு. மறுநாள் தலை சீவும்போது அவரிடமிருந்து ஒரு வயது உதிர்ந்தது. மீன் செதில் போல இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. எதற்காவது ஆகும் என்று கழுவித் துடைத்து, காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி வைத்தாள்.

அவளுடைய விசாவில் ஒரே ஒரு நிபந்தனை. கிழவர் கிழவராக இருக்கும்வரை செல்லும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் செல்லாது.

இன்னொன்றும் இருந்தது. அது நிபந்தனை அல்ல, கொள்கை. கவனிக்க வருகிறவர்கள் குடும்பத்தைக் கொண்டுவரக் கூடாது. ரெஜிலாவின் மகள் அபிஷாவுக்கு எட்டு வயது. அப்பா இல்லாத பிள்ளை. ஊரில் அண்ணன் வீட்டில், மைனியிடம் இருந்தாள். பிள்ளைகள் உண்டா என்ற கேள்விக்கு ரெஜிலா விண்ணப்பத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதியிருந்தாள். எப்படியாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

கம்பெனி முதலாளி செல்லையா அண்ணாச்சியும் அவள் ஊர்ப்பக்கம்தான். அவருடைய அறைச் சுவர் முழுக்க அவர் விருது வாங்கும் படங்கள். ஒரு படத்தில் அவருக்கு அவரே விருது கொடுத்துக்கொண்டிருந்தார்.

“கிழவருக்கு என்னத்தட்டீ குடுத்த?”

“களி, அண்ணாச்சி.”

“ஒன்னய கவனிக்கத்தானே சொன்னேன்? கொணமாக்கச் சொன்னேனா?”

“ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன்.”

“பாத்தியா, படிச்ச திமிரு.”

அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் நாற்பது பாஸ்போர்ட்டுகள் அடுக்கியிருந்தன.

“என் பாஸ்போர்ட்ட குடுத்திருங்க அண்ணாச்சி.”

“வெளிய இருந்தா கெட்டுப்போயிரும் மக்களே. எல்லாம் ஒங்க நன்மைக்குத்தான். நாமெல்லாம் ஒரே குடும்பம்லா?”

“குடும்பம்னா விசா கெடையாதே.”

அண்ணாச்சி சற்று யோசித்தார். பிறகு, தனக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ரெஜிலா ரொட்டிக்கு மாறிப் பார்த்தாள். விட்டேக்கர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசித்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெரியாது. மறுபடியும் களி கிண்டினாள். எழுபதாம் வயது உதிர்ந்தது. அறுபதாம் வயது உதிர்ந்தது. எல்லாம் டப்பாவுக்குள் போயின. ஐம்பத்துநான்கில் ஒரு திங்கட்கிழமை அவர் எழுந்து, முகச்சவரம் செய்து, டை கட்டி, டிபன் பாக்ஸில் களியை வாங்கிக்கொண்டு வேலை தேடிப் போனார். பதினோரு மணிக்கெல்லாம் கிடைத்துவிட்டது. குடிவரவு அலுவலகத்தில், நான்காம் கவுண்டர்.

பன்னிரண்டு மணிக்கு மந்திரியிடமிருந்து கடிதம் வந்தது. தங்க ஓரம் போட்ட தாள். ‘நீங்கள் எங்கள் நாட்டின் இதயம். அறுபது நாளில் வெளியேறவும்.’ கடிதத்தோடு ஒரு பெட்டி. திறந்தால் கைதட்டல் கேட்டது. மூடினால் நின்றது.

ரெஜிலா பெட்டியை மூடி, ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துக்கொண்டு குடிவரவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எல்லோரும் செந்தமிழில் பேசினார்கள். அது யாருக்கும் வியப்பாக இல்லை. நான்காம் கவுண்டரில் விட்டேக்கர் உட்கார்ந்திருந்தார். தெரிந்த முகத்தைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது அங்கே குற்றம். அவர் குற்றம் செய்யவில்லை.

“தாங்கள் கவனித்து வந்த முதியவர் எங்கே?”

“நீங்கதான் சார்.”

“நான் அலுவலர். முதியவர் எங்கே?”

ரெஜிலா டப்பாவைத் திறந்து காட்டினாள். விட்டேக்கர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தேழு.

“இவை யாருடையவை?”

“உதிர்ந்தது ஒங்ககிட்டருந்து. எடுத்து வச்சது நான்.”

“உதிர்ந்தவற்றைப் பற்றிச் சட்டம் ஏதும் சொல்லவில்லை. எடுத்து வைத்தவரே உரியவர். அணிந்துகொள்கிறீர்களா?”

“அணிஞ்சா?”

“அறுபதைத் தாண்டினால் முதியவர் ஆவீர்கள். முதியவரை வெளியேற்ற இயலாது. அவருக்குக் கவனிப்பாளர் வேண்டும். கவனிப்பாளருக்குப் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். அடுத்தவர்!”

ரெஜிலாவுக்கு முப்பத்துநான்கு. கணக்கில் அவள் கெட்டி. இருபத்தேழு செதிலை அங்கேயே, தண்ணீர் கேட்டு வாங்கி விழுங்கினாள். அறுபத்தொன்று ஆனாள். முட்டி வலித்தது. வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாட்டில் அவளுக்கு யாரும் நாற்காலி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மீதி பத்து. ஊருக்குப் போன ஒருவரிடம் பொதிந்து கொடுத்துவிட்டு, மைனிக்கு போன் போட்டாள்.

“மைனி, பார்சல்ல பத்து செதில் இருக்கும். அபிஷாவுக்குப் பால்ல கலக்கிக் குடுங்க. ஒரேயடியா குடுத்திராதீங்க.”

“குடுத்தா என்னவாம்?”

“போட்டிருக்க கவுன் கிழிஞ்சிரும்.”

“அப்ப பத்தாங்கிளாஸ் பரீட்ச?”

“அதுவும் அதுக்குள்ளயே இருக்கும் மைனி.”

“பிள்ளைக்க பல்லு ஒண்ணு நேத்துதான் விழுந்துது ரெஜி. ஒனக்குக் காட்டணும்னு வச்சிருக்கா.”

“வரும்போது கொண்டுவரச் சொல்லுங்க” என்றாள் ரெஜிலா.

செல்லையா அண்ணாச்சியே கவனிப்பாளர் விசாவுக்கு ஏற்பாடு செய்தார். புதிய கவனிப்பாளரை ஏற்றுக்கொள்ள, கவனிக்கப்படுகிறவர் நேரில் வர வேண்டும் என்று விதி. ரெஜிலா விமான நிலையத்துக்குப் போனாள். நெடுநெடுவென்று ஒரு பெண் வந்து நின்றாள். ரெஜிலாவைவிட அரை அடி உயரம். கையில் பெட்டி, மூடிய இன்னொரு கைக்குள் ஏதோ.

“வந்துட்டியா மக்களே” என்றாள் ரெஜிலா.

அதிகாரி பேனாவை எடுத்தார். “அப்படி ஏன் அழைத்தீர்கள்?”

“எங்க ஊர்ல பஸ் கண்டக்டரையும் அப்பிடித்தான் கூப்பிடுவோம் சார்.”

அதிகாரி ஒரு நூலைப் புரட்டிப் பார்த்தார். அப்படித்தான் போட்டிருந்தது. அபிஷாவின் பக்கம் திரும்பினார்.

“உனக்கு இந்நாட்டில் குடும்பம் உண்டா?”

அபிஷா அம்மாவைப் பார்த்தாள். நரைத்த தலையையும் வீங்கிய முட்டியையும் பார்த்தாள். எட்டு வயதில் பார்த்த ஆளோடு ஒப்பிட்டுக்கொள்வது போல இருந்தது.

“பொருந்தாது” என்றாள்.

முத்திரை விழுந்தது.

அபிஷாவின் பாஸ்போர்ட்டை அண்ணாச்சி வாங்கிக் கொத்தமல்லிக் கட்டுக்குக் கீழே வைத்தார். அவளுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு கொடுத்தார்கள். ரெஜிலாவின் வீடு ஒன்பதாவது. ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். குளிப்பாட்டு, ஊட்டு, மாத்திரை கொடு, கட்டத்தில் டிக் போடு. பேச்சுக்குக் கட்டம் இல்லை. பேசினால் போன் சிவப்பாக மின்னி, மூன்று நிமிடத்தைக் கழித்துக்கொண்டது.

நான்காம் நாள் ரெஜிலா அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். ஒன்பதாம் வீடு நான்கரைக்கு முடிந்தது. பத்தாம் வீடு நான்கரைக்குத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே நடக்கிற தூரம் முப்பத்தைந்து நிமிடம்.

“இந்த முப்பத்தஞ்சு நிமிசம் எங்க?”

“கெடையாதும்மா. நடக்கது வேலையில சேராதாம். அந்த நேரமே கெடையாதுன்னுட்டாங்க.”

“அப்ப அதுல நீ யாரு?”

“யாருமில்ல.”

ரெஜிலா எழுந்தாள். செருப்பைப் போட்டாள். இருவரும் தெருவில் இறங்கினார்கள். இறங்கியதும் தெருமுனை மணிக்கூண்டு நான்கரையில் நின்றுவிட்டது. அபிஷாவின் போன் அணைந்துகொண்டது. விழ வந்த மழை பாதி வழியில் காத்திருந்தது. ரெஜிலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டிக்காக மெதுவாக நடந்தார்கள். மெதுவாக நடந்தால் அந்த நேரம் நீண்டது.

“எல்லாத்தயும் சொல்லு” என்றாள் ரெஜிலா.

“எங்க இருந்தும்மா?”

“மூணாங்கிளாஸ்ல இருந்து.”

அபிஷா கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

“மூணாங்கிளாஸ்ல நான் ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தேன்” என்றாள். “நீ வருதியான்னு பாத்துட்டு இருந்தேன்.”

“பொறவு?”

“நாலாங்கிளாஸ்லயும் அங்கதான். ஜன்னலுக்கு மட்டும் வேற பெயின்ட் அடிச்சாங்க.”