பதினேழாம் எண் நாற்காலி

மடேர்!

நூலகத்தின் மேல்மாடிக் கூடமே அதிர்ந்தது. பூத்தையல் வேலைகளுக்கு எண் குத்திக்கொண்டிருந்த நூலகர் அம்மா, குண்டூசி டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தரையில் ஒரு குழந்தை நாற்காலி குப்புறக் கிடந்தது. அதன் முன்கால் ஒன்று கழன்று, உருண்டுபோய் ஜன்னலோரம் நின்றிருந்தது. பக்கத்தில் பத்துக் கிலோ மணல் மூட்டை ஒன்று வாய் பிளந்து கிடந்தது.

“உங்க வேலைதானா?”

“மூட்டையை உட்கார வெச்சேன். விழுந்துடுச்சு” என்றார் ரசமட்டம்.

அது பட்டப்பெயர்; மட்டம் பார்க்கும் கருவியின் பெயர். தொழில் தச்சு. எது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்பதால் பட்டறையில் வைத்த பெயர். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆசைக்குக் கைவேலை செய்கிறவர்களுக்காக நூலகம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டியில், மரவேலைப் பிரிவுக்கு நாலு வருஷமாக அவர்தான் நடுவர். சும்மா பார்த்து மார்க் போடுகிற ஆள் இல்லை. அலமாரி என்றால் புத்தகத்தை அடுக்குவார். நாற்காலி என்றால் உட்காருவார். குழந்தை நாற்காலியில் அவர் உடம்பு நுழையாது என்பதால் மணல் மூட்டை.

“உடைச்சது சரி. குறிப்பை மட்டும் கொஞ்சம் பதமா எழுதுங்க” என்றார் நூலகர் அம்மா. “போன வருஷம் ‘இது பெட்டி இல்லை, விபத்து’ன்னு எழுதினீங்க. அந்தப் பல் டாக்டர் மாடிப்படியில உட்கார்ந்து அழுதாரு. என் பல்லை இன்னமும் அவர்கிட்டதான் காட்டிக்கிட்டு இருக்கேன்.”

“பெட்டி மூடலையே அம்மா.”

“மூடலைன்னு எழுதுங்க. விபத்துன்னு ஏன் எழுதறீங்க?”

ரசமட்டம் கழன்ற காலைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூட்டில் ஒரு விரல் ஆழமாவது மரம் உள்ளே போயிருக்க வேண்டும். அரை நகம்தான் போயிருந்தது. மிச்ச இடைவெளியை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்திருந்தது. தேய்த்த கை என்னவோ பொறுமையான கைதான். கைப்பிடி கன்னம் போல வழுவழுவென்று இருந்தது.

ஒவ்வொரு பொருளுக்கும், செய்தவர் பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்ட ஓர் அட்டை உண்டு. அதில் மூன்று கட்டங்கள்: பிடித்தது, பிசகு, யோசனை. பதினேழாம் எண் அட்டையில் ரசமட்டம் இப்படி எழுதினார். பிடித்தது: தேய்ப்பு. பிசகு: செய்தவர் பார்ப்பவர் கண்ணுக்குச் செய்திருக்கிறார், உட்காரும் குழந்தைக்குச் செய்யவில்லை, ஓட்டையை மரத்தூள் மாவால் மூடுவது ஏமாற்று வேலை. யோசனை: வேறு பொழுதுபோக்கு.

எழுதி முடித்தபோது ஒரு திருப்தி இருந்தது. அப்போது போன் அடித்தது. மனைவி.

“சாப்பிட்டீங்களா? சம்பந்தியம்மா இப்பத்தான் பேசினாங்க. சம்பந்தி இந்த வருஷம் உங்க போட்டியில கலந்துக்கிட்டிருக்காராம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு ரகசியமா வெச்சிருந்தாராம்.”

“என்ன வெச்சிருக்காரு?”

“பேரனுக்கு நாற்காலி. மூணு மாசமா மாடி ரூமைப் பூட்டிக்கிட்டு செஞ்சிருக்காரு. போட்டி முடிஞ்சதும் நேரா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையை அதுல உட்கார வெச்சு போட்டோ எடுக்கப் போறாங்களாம்.”

“அது உடைஞ்சு கிடக்கு.”

“ஐயோ, யாரு உடைச்சா?”

“நான்தான்.”

மறுமுனையில் அவள் குரலைத் தாழ்த்தினாள். “இதோ பாருங்க. நம்ம பொண்ணு அந்த வீட்டுல வாழணும். அவரு தபாலாபீஸ்ல அதிகாரியா இருந்தவரு, யாரும் நிக்க வெச்சுக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவரு. நாலு நல்ல வார்த்தை எழுதிடுங்க. காலை ஒட்டிக் குடுத்துடுங்க. உங்களுக்கு அரை மணி வேலை. என்ன ரசமட்டம், காதுல விழுதா?”

விழுந்தது. மணி மூன்று. நாலு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள்; செய்தவர்கள் வந்து அவரவர் அட்டையைப் படிப்பார்கள்.

நூலகர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புது அட்டை ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ரசமட்டம் அதில், ‘அருமையான முயற்சி. வாழ்த்துகள்’ என்று எழுதினார். பைக்குள் பசை இருந்தது. ஒட்டிய மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியும் இருந்தது. அரை மணிகூட ஆகாது. பசையை எடுத்து மூடியைத் திருகினார்.

ஒட்டினால் இன்றைக்கு நிற்கும். நாளைக்கும் நிற்கலாம். சோறூட்டுகிற நாற்காலி, இடுப்பு உயரம். பேரனுக்கு இப்போது எட்டு மாதம். சோறு பிடிக்காவிட்டால் இரண்டு காலையும் உதைத்துப் பின்னால் சாய்கிற பிள்ளை. மணல் மூட்டை உதைக்கவில்லை. சும்மா உட்கார்ந்ததற்கே கால் போய்விட்டது.

பசையை மூடிப் பைக்குள் போட்டார். வாழ்த்து அட்டையைக் கிழித்தார். முதல் அட்டையை எடுத்து, வேற்று மனிதர் எழுதியதைப் படிப்பது போல ஒருமுறை படித்தார். அதையும் கிழித்தார்.

“அம்மா, இன்னொரு அட்டை.”

“மூணாவதா? நாப்பது பேருக்கு அம்பது அட்டைதான் அடிச்சேன்” என்றபடி நூலகர் அம்மா எடுத்துக் கொடுத்தார்.

இந்தத் தடவை இருபது நிமிடம் ஆனது. பிடித்தது: கைப்பிடியின் தேய்ப்பு, இத்தனை பொறுமை என் பட்டறையில் யாருக்கும் இல்லை. பிசகு: நாலு மூட்டும் ஆழம் போதவில்லை, பத்துக் கிலோ வைத்ததும் கால் கழன்றது, குழந்தையை இதில் உட்கார வைக்கக் கூடாது. யோசனை: துளை ஒன்றேகால் அங்குலம் இறங்கட்டும், மரம் துளைக்குள் இறுக்கமாகப் போகவேண்டும், மாவு போட்டு அடைக்க வேண்டாம். அட்டையின் பின்பக்கம் மூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று படம் வரைந்து அளவு குறித்தார். எல்லா வருஷமும் வெறும் கிறுக்கலாகப் போடும் கையெழுத்தை இன்று தெளிவாகப் போட்டார்.

நாலு அடித்ததும் கூட்டம் நுழைந்தது. சம்பந்தி இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் வந்தார். பின்னால் சம்பந்தியம்மா, அவர்களுக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரசமட்டத்தின் மகள். மேஜையில் நாற்காலி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் இருந்தது.

சம்பந்தி கழன்ற காலைப் பார்த்தார். அட்டையை எடுத்துப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார்.

“இவரு செஞ்சதை வீட்டுல எல்லாரும் பிரமாதம்னுதான் சொன்னாங்க” என்றார் சம்பந்தியம்மா, பொதுவாகக் கூடத்தைப் பார்த்து. “சிலர் கண்ணுக்குத்தான் எல்லாமே கோணல்.”

“நீ சும்மா இரு” என்றார் சம்பந்தி. பிறகு, “இது ஒன்றேகாலா, ஒன்றரையா? உங்க எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு.”

“ஒன்றேகால்.”

“நான் கால் அங்குலம்தான் விட்டேன். கூட விட்டா மரம் பிளந்துடும்னு பயம்.”

“உளி மொக்கையா இருந்தா பிளக்கும். தீட்டினீங்களா?”

“உளியைத் தீட்டணுமா?”

பக்கத்திலிருந்த யாரோ சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. கழன்ற காலைக் கையில் எடுத்து, காய்ந்த மாவை நகத்தால் சுரண்டினார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் பார்வை காலிலிருந்து பேரனுக்குப் போனது. பேரன் அம்மாவின் இடுப்பில் பின்னால் வளைந்து, இரண்டு காலையும் உதைத்துக்கொண்டிருந்தான்.

“போட்டோவுக்கு ஆளெல்லாம் சொல்லியாச்சு” என்றார் சம்பந்தியம்மா மெதுவாக.

“வேண்டாம்னு சொல்லு” என்றார் சம்பந்தி. அட்டையை நாலாக மடிக்கப் போனவர், மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரசமட்டத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. வரும்போது உளியைக் கொண்டாங்க. பேச்சைக் கொண்டுவர வேணாம்.”

நாற்காலியை ஒரு கையிலும் காலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். சம்பந்தியம்மா சொல்லிக்கொள்ளாமலே பின்னால் போனார்.

மகள் மட்டும் நின்றாள். ரசமட்டத்துக்கு அவளை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

“உனக்குச் சங்கடமாயிடுச்சாம்மா? வீட்டுலயே பார்த்திருப்பியே. அது உங்க மாமா செஞ்சதுன்னு என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“சொல்லியிருந்தா சம்பந்தியாத்தானே எழுதியிருப்பீங்க? நாற்காலி ஆடுதுன்னு அந்த வீட்டுல மருமக சொல்ல முடியாதே. நடுவர் எழுதணும்னுதாம்ப்பா, மாமாவைப் போட்டிக்குப் பேர் குடுக்க வெச்சதே நான்.”