அவசர ஆமென்

சபையில் அவருக்கு ‘அவசர ஆமென்’ என்று பட்டப்பெயர். சூட்டியது வேறு யாரும் இல்லை, கட்டின மனைவிதான்.

பஸ் ஓட்டுகிற மனுஷன். வண்டியை நேரத்துக்கு எடுக்கவேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினவர். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். இது தெரிந்துதான் அவள் ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்பே கையை நீட்டி, அவர் தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொள்வாள். விரல் இருக்கும்வரை சாப்பிடக்கூடாது என்று அர்த்தம். அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். “சமைச்ச கைக்கும் சம்பாதிச்ச கைக்கும் நன்றி” என்கிற இடம் வந்ததும் கணீரென்று ஒரு ஆமென் போட்டுவிட்டு, விரலுக்கு அடியிலிருந்து தட்டை உருவிக்கொள்வார். அவள் மேஜையில் விரலை வைத்தபடியே மீதியை முணுமுணுத்து முடிப்பாள். மீதியில் என்ன இருந்தது என்று அவர் கேட்டதில்லை. தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து, வாயைத் திறக்காமல் சாப்பிடுவதே உத்தமம் என்று இருந்துவிட்டார்.

பேச்சு என்றால் அவளுக்கு அப்படி ஒரு பேச்சு. ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள். நாள் முழுக்க ஊரார் அழைப்புக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தும் ஓயமாட்டாள். “உன் வாய்க்கு ஒரு நாள் லீவு குடேன்” என்று அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஒரு காலை குளியலறையில் விழுந்தாள். மூளைக்குள் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின. பேச்சு அடியோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமைசாலி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அந்த அம்மி நகரவில்லை. அப்பா, தண்ணீர், கதவு என்று படம் படமாகக் காட்டினாள். மனைவி படத்தைப் பார்ப்பாள், பயிற்சிப் பெண்ணைப் பார்ப்பாள், பிறகு இவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் அவர் வெளியே போய் நின்றுகொள்வார்.

கிளம்பும் நாளில் பயிற்சிப் பெண் ஒன்று சொல்லி அனுப்பினாள்.

“ஒண்ணு ரெண்டு எண்ணுறது, பழகின பாட்டு, இதெல்லாம் சில பேருக்குத் திடீர்னு வரும் சார். ஆனா அது நாக்கோட பழக்கம். புரிஞ்சு பேசுறாங்கன்னு நம்பி ஏமாந்துடாதீங்க.”

ஏமாறுவதற்குக்கூட ஒன்றும் வரவில்லை. அவர் ஒன்று இரண்டு சொல்லிப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாடிப் பார்க்கலாம் என்றால் அவர் குரலுக்கு ஹாரனே பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் மூக்குவழியாகக் குழாய் போட்டு ஊட்டினார்கள். குழாயை எடுத்துவிட்டு, விழுங்க வருகிறது, இனி கரண்டியில் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் சூப் வைக்கக் கற்றுக்கொண்டார். உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்து மசிக்கக் கற்றுக்கொண்டார். கிண்ணத்தை இடது கையில் ஏந்தி, அவள் எதிரில் உட்கார்ந்து, கரண்டியை ஊதி ஊதி ஆற்றி வாயருகே கொண்டுபோவார். உடனே அவள் கண்ணை மூடிக்கொள்வாள். உதடுகளும் மூடிக்கொள்ளும். கெஞ்சுவார், கொஞ்சுவார். “ஒரே ஒரு வாய், எனக்காக” என்பார். கல்லாக இருப்பாள். சூப் ஆறி ஏடு படியும். ரொம்ப நேரம் கழித்து, ஏதோ வெறுத்துப்போனவள் போலக் கண்ணைத் திறந்து நாலு வாய் வாங்குவாள். அதோடு சரி.

மூன்று வேளையும் இதே கதை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். வேறு எப்படி நினைப்பார்? இத்தனை காலம் அவள் கையால் வாங்கித் தின்றவர், தின்ற தட்டைக்கூடக் கழுவாதவர். இப்போது ஊட்டவந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? சில நாள் அதற்கு மேலும் நினைப்பு போகும். இவளுக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லையோ என்று தோன்றும். அவளுக்கு ஊட்டி முடித்ததும் சமையலறையில் நின்றபடியே தன் பங்கை விழுங்குவார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு.

எடை இறங்கிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் மறுபடி குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூரத்து ஊரில் இருக்கும் மகள் போனில் அழுதாள். அழுது முடித்து, விசாரித்து, நர்சுகள் இருக்கிற ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வேன் வரும் என்றாள். அவருக்கும் லீவு முடிகிறது. திங்கட்கிழமை ஸ்டியரிங்கைப் பிடிக்கவேண்டும். சரி என்றார். கைகழுவி விடுகிறோமே என்ற நினைப்பு அன்றைக்கே நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டுக்குழு அக்கா வீட்டுக்கு வந்தாள். சபையில் முதல் வரிசையில் நின்று பாடுகிறவள். பகல் நேரத்தில் முறை போட்டுக்கொண்டு நாங்கள் வந்து இருக்கிறோம், நீங்கள் வேலைக்குப் போங்கள் என்று அவளும் மற்ற பெண்களும் ஏற்கெனவே பலமுறை கேட்டாயிற்று. அவர்தான் வேண்டாம் என்றிருந்தார். சொந்தப் புருஷன் ஊட்டியே சாப்பிடாதவள், வந்தவர்கள் ஊட்டியா சாப்பிடப்போகிறாள்? அன்றைக்கும் அக்கா அதையே கேட்டாள், அவரும் அதையே சொன்னார். கட்டிவைத்திருந்த பையைப் பார்த்துவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஜெபம் பண்ணுங்கண்ணே. ஆண்டவர் வழி காட்டுவார்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ரோட்டுல கூட திரும்புறதுக்கு முன்னாடியே பலகை வைக்கிறாங்கம்மா. தாண்டிப் போனப்புறம் காட்டி என்ன பிரயோஜனம்?”

அக்கா அவர் மனைவியின் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல மனுஷியை நோகடித்துவிட்டோமே என்று அதுவும் ஒரு பாரமாகச் சேர்ந்தது. உண்மையில் அவருக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. வீட்டில் ஜெபம் அவள் இலாகா, ஆமென் மட்டும் இவருடையது. இந்த மாதங்களில் ராத்திரி படுக்கையில் “ஆண்டவரே” என்று தொடங்கிப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வேன் வருவதற்குள் சாப்பாட்டை முடிக்கவேண்டும். அவளுக்கு ஊட்டிவிட்டுத் தான் சாப்பிட நேரம் இருக்காது என்று, அன்றைக்கு மட்டும் தன் தட்டையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அவளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவளுடைய சூப் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னைக்குமா?” என்றார். குரல் உடைந்துவிட்டது. “போற நேரத்துலயாவது என் கையால ஒரு வாய் வாங்கிக்கக்கூடாதா?”

அப்போது அவளுடைய இடது கை மேஜைமேல் மெல்ல ஊர்ந்து வந்தது. தடவித் தடவி, அவருடைய தட்டைத் தேடிப் பிடித்தது. விளிம்பில் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டது.

அவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூன்று வேளையும், ஒரு நாள் தவறாமல், இவள் ஜெபத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள். இவர் கரண்டியை வைத்து இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். காத்துக் காத்துப் பார்த்து, இந்த ஆளிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்த பிறகுதான் அந்த நாலு வாயை வாங்கியிருக்கிறாள்.

“அடிப்பாவி” என்றார். பாவி யார் என்று அவருக்கே தெரியும்.

அவரும் கண்ணை மூடிக்கொண்டார். அவள் சொல்லிக் கேட்டதைக் கேட்டபடியே சொன்னார்.

“ஆண்டவரே, இந்த வேளைக்கு நன்றி. இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. சமைச்ச கைக்கும் சம்பாதிச்ச கைக்கும் நன்றி. ஆமென்.”

கண்ணைத் திறந்து பார்த்தார். விரல் விலகவில்லை. அவள் கண்ணும் திறக்கவில்லை. ஜெபம் அங்கே முடிவதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மேலே என்ன என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். பாதி வழியில் இறங்கிக்கொண்டவனுக்கு மீதி வழி எப்படித் தெரியும்?

அவள் உதடு அசைந்தது. துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல ஒரு குரல் வந்தது.

“பசியா இருக்கிறவங்களை நினைச்சுக்கும். தூரத்துல இருக்கிற பிள்ளையைப் பாத்துக்கும்.”

அவர் மூச்சுகூட விடவில்லை. ஒவ்வொரு சொல்லும் தேய்ந்து, கோணி வந்தது. ஆனால் எல்லாம் சொற்கள்.

“இந்த மனுஷனை எனக்கு முன்னாடி கூப்பிட்டுக்கும் ஆண்டவரே. தனியா விட்டா தவிச்சுப் போயிடுவாரு. அதுவரைக்கும் எனக்கு பெலன் குடும்.”

அவ்வளவுதான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் இவள் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். பொதுவாகப் பெண்டாட்டிமார் புருஷனுக்கு முன்னால் போகவேண்டும் என்று கேட்பார்கள். இவளோ, இவருக்கு ஒரு வாய் வெந்நீர்கூட வைத்துக் குடிக்கத் தெரியாது என்று, பின்னால் இருந்து அழுகிற பாரத்தைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறாள். பயிற்சிப் பெண் சொன்னது அவருக்கு நினைவில்லாமல் இல்லை. இது நாக்கின் பழக்கமாகவே இருக்கலாம். புரிந்து சொன்னாளா என்று அவரால் சொல்லமுடியாது. ஆனால் அவள் புரிந்து சொன்ன காலமெல்லாம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விரல் இன்னும் விளிம்பில் இருந்தது. அவருடைய ஆமெனுக்காகக் காத்திருந்தது. ஆயுசுக்கும் அவசரப்பட்டவருக்கு இப்போது அந்த ஒரு சொல் வரவில்லை. எப்படி வரும்? அவர் அழுதுகொண்டே மறுபடி கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, அவ கேட்டதைக் கொஞ்சம் தள்ளி வையும். இப்ப நான் முன்னாடி வரமுடியாது. நான் வந்துட்டா இவளுக்கு யாரு ஜெபம் பண்ணுவா? பட்டினியா உக்காந்திருப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே. சூப்புக்கு உப்பு போடக்கூடத் தெரியல. நாளைக்கு என்ன பண்றதுன்னு தெரியல. இவளைக் குளிப்பாட்டும்போது கை நடுங்குது. இன்னும் என்னன்னா...”

“ஆமென்” என்றாள் அவள்.

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுத்துவிட்டிருந்தாள். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, கரண்டி எங்கே என்பதுபோல இருந்தாள்.

அவள் ஒரு நாளும் பாதியில் ஆமென் சொன்னவள் இல்லை. அது அவருடைய பழக்கம்.

கிண்ணம் காலியாகும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. அவர் எழுந்துபோய் வேன்காரரிடம், மன்னிக்கணும், அவள் வரவில்லை, மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பிறகு வாசலிலேயே நின்றபடி பாட்டுக்குழு அக்காவுக்குப் போன் போட்டார். காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். நாளைக்கு யாராவது வந்து இருக்கமுடியுமா என்று கேட்டார்.

“ஊட்டுறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணணும்மா” என்றார். “பாதியில ஆமென் போட்டுடாதீங்க. மீதி அவளுக்குத் தெரியும்.”