கண்ணில் விழாத வெளிச்சம்

"யாரு வாயைத் திறந்தது?" என்று கேட்டபடியேதான் இயக்குநர் எடிட்டிங் அறைக்குள் வந்தான். எடிட்டர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள். அவள் அவனுடைய சொந்தத் தங்கை. அண்ணன் காலையிலேயே இப்படி மூச்சிரைக்க வந்தால் யாருடைய தலையோ உருளப்போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவன் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவர்கள் எடுக்கும் படத்தின் மூன்றாம் பாகத்து டீசர் முந்தைய நாள்தான் வெளியாகியிருந்தது. அதன் கீழே யாரோ ஒரு ரசிகர் ஒரே வரியில் எழுதியிருந்தார்: 'இந்தத் தடவை கொலை பண்ணினது பாட்டு டீச்சர்.'

உண்மைதான். பாட்டு டீச்சர்தான். ஆனால் படம் இன்னும் பாதிகூட எடுத்து முடியவில்லை.

"போன பாகத்துலயும் இதே ஆள்தான் டாக்டரைச் சொன்னான். ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிட்டான்னு அப்ப விட்டுட்டேன். இப்ப எப்படி விட முடியும்? முடிவு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். நடிக்கிறவங்களுக்கே தெரியாது. நான் சொல்லல. நீ சொன்னியா?"

"என்னண்ணே பேச்சு இது?"

"அப்ப மிச்சம் யாரு பாப்பா?"

மிச்சம் இருந்தது அவள் கணவன்.

அவன்தான் இந்தத் துப்பறியும் படத்தொடரின் ஒளிப்பதிவாளர். அண்ணனோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கல்யாணமே நடந்தது. யூனிட்டில் அவனுக்கு 'இருட்டு' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் இன்னும் ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்கும் இடத்தில், அவன் எரிகிற விளக்கையும் அணைக்கச் சொல்வான். அவன் எடுக்கும் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் உயிரோடிருக்கும். முகத்தில் பாதிதான் தெரியும். மீதியைப் பார்க்கிறவர்களே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். கேமராவைக் கதவோரத்தில், ஒட்டுக்கேட்கிறவன் குனிந்து நிற்கிற உயரத்தில் வைப்பான். முதல் இரண்டு பாகங்களும் ஓடியதற்குக் கதையைவிட அந்தப் பார்வைதான் காரணம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அதில் அண்ணனுக்குப் பெருமையும் உண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

"அவன் போன் மேல ஒரு கண்ணு வை" என்றான் அண்ணன்.

"எம் புருஷனை வேவு பாக்கச் சொல்றியா?"

"என் படத்தைக் காப்பாத்தச் சொல்றேன்."

முடியாது என்றுதான் சொல்லியனுப்பினாள். ஆனால் சந்தேகம் காதில் விழுந்துவிட்டால் கண் சும்மா இருக்குமா? கணவன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைப்பது அன்று முதல் அவளுக்கு உறுத்தியது. அழைப்பு வந்தால் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். முன்பும் அப்படித்தானா என்று யோசித்தாள், நினைவில்லை. முன்பு யார் கவனித்தார்கள்?

ஒருநாள் மத்தியானம், லென்ஸ் வாடகைக்குத் தரும் கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவள் ஏதோ கேட்பதுபோலக் கடைக்குப் போன் செய்தாள். "சார் இந்தப் பக்கமே வரலையேம்மா" என்றார் கடைக்காரர். சாயங்காலம் வந்தவனிடம், "லென்ஸ் கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். அவ்வளவு சரியா இல்ல" என்றான், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே.

பொய்யை இவ்வளவு இயல்பாகச் சொல்வானா என்று நினைத்தாள். அண்ணனிடம் சொல்ல வாயெடுத்து வாயெடுத்து மூடிக்கொண்டாள். அவனிடம் சொன்னால் வீடு இரண்டாகும். சொல்லாவிட்டால் அவளும் கூட்டு.

கடைசியில் அவள் ஒரு காரியம் செய்தாள். வேறு பெயரில், அந்த ரசிகரிடமே நேராகக் கேட்டாள்: 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க? உள்ளே ஆள் இருக்கா?'

உடனே பதில் வந்தது. 'ஆளெல்லாம் எதுக்கு? கண்ணைப் பாருங்க. முதல் பாகத்துல இருந்தே பாருங்க.'

அவள் சத்தத்தை நிறுத்திவிட்டு டீசரை ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டினாள். பிறகு மூன்று பாகங்களிலிருந்தும் முகங்களை நிறுத்தி எடுத்துத் திரையில் வரிசையாக வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

எவ்வளவு இருட்டான காட்சியானாலும், எல்லோருடைய கண்ணிலும் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில் கைக்கடக்கமான ஒரு விளக்கை வைத்து அதைக் கொண்டுவருவார்கள். அதுதான் கண்ணுக்கு உயிர் கொடுப்பது. முதல் பாகத்தில் கொலை செய்த மாமனாரின் கண்ணில் அது இல்லை. இரண்டாம் பாகத்து டாக்டருக்கு இல்லை. பாட்டு டீச்சருக்கு இல்லை. யாரும் அவர்களைச் சந்தேகிக்காத ஆரம்பக் காட்சிகளிலேயே, சிரித்துக்கொண்டு கதவைத் திறக்கும்போதே, அந்தக் கண்கள் செத்துக்கிடந்தன.

அத்தனை பாகங்களையும் வெட்டி ஒட்டியவள் அவள்தான். ஒருமுறைகூட அவள் கண்ணில் படவில்லை.

இருவரையும் அறைக்கு வரவழைத்துத் திரையைக் காட்டினாள். கணவன் கிட்டப் போய்ப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"நான் வேணும்னு பண்ணல" என்றான்.

"நல்லா இருக்கே கதை!" அண்ணன் கையைத் தட்டினான். "விளக்கைத் தூக்குனது உன் கை. உனக்கே தெரியாதா? வேணும்னே அடையாளம் வச்சிருக்கே மாப்ளே. யாருக்குச் சேதி சொல்ற?"

"மச்சான், சத்தியமாத் தெரியாது. இவன்தான் கொலைகாரன்னு தெரிஞ்ச பிறகு அந்த ஆளைப் பாத்தா அந்த விளக்கு பொருந்தலை. 'எடுத்துடு'ன்னு சொல்லிடுறேன். ஏன்னு நான் யோசிச்சதே இல்ல."

அண்ணன் நம்பவில்லை, அவன் உதட்டைக் கடித்த விதத்திலேயே தெரிந்தது. "சரி. முடிவை மாத்துறேன். இனிமே யாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் கிடையாது, பாப்பாவுக்கும் கிடையாது. கடைசி நாள்தான் முடிவு எழுதின பேப்பர் கைக்கு வரும்."

"எனக்குத் தெரியவே வேணாம்" என்றான் கணவன். கோபமாகச் சொல்ல நினைத்திருப்பான். குரல் உடைந்துபோய் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். "கண்ணு விஷயம் புரிஞ்சுடுச்சு. லென்ஸ் கடைக்குப் போகாம அன்னிக்கு எங்க போனீங்க?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். "கடைக்குப் போன் பண்ணினியா?"

"பண்ணினேன்."

"வேற ஒரு டைரக்டர் கூப்பிட்டிருந்தார். சின்னப் பசங்க படம். பூரா வெயில்ல, மைதானத்துல எடுக்கணுமாம். ஒத்துக்கிட்டேன். உங்கண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." கொஞ்சம் கழித்துச் சொன்னான்: "எனக்கு மூச்சு முட்டுதும்மா. இருட்டு இருட்டுன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு என்னை அதுக்குள்ளயே அடைச்சுட்டாங்க."

அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இதைச் சொல்ல ஏன் பால்கனிக் கதவைச் சாத்த வேண்டும்? ஆனால் அன்றிலிருந்து அண்ணனிடம் மறைக்க அவளுக்கும் ஒன்று இருந்தது. அண்ணன் போன் செய்தால் இப்போது அவளே பால்கனிக்குப் போனாள்.

மீண்டும் படப்பிடிப்பு தொடங்கியது. முடிவு தெரியாத ஒளிப்பதிவாளருக்கு யாருக்கு விளக்கு வைப்பது, யாருக்கு எடுப்பது என்று புரியவில்லை. ஒவ்வொரு நடிகரையும் ஏற இறங்கப் பார்த்தான். ரிகர்சலின்போது தபால்காரராக நடிப்பவர் ஒரு கணம் தயங்கினாலும், 'ஏன் தயங்குறார்?' என்று உதவியாளரிடம் கேட்டான். எல்லோரையும் சந்தேகப்பட்டு, எல்லோருடைய விளக்கையும் அணைத்தான். பார்த்துக்கொண்டிருந்த நடிகர்களுக்கும் அது தொற்றியது. இடைவேளையில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கொலைகாரன் தானாக இருக்குமோ என்ற பயம் ஒவ்வொருவருக்கும் வந்துவிட்டது. அது நடிப்பிலும் ஏறியது.

எடுத்த காட்சிகளை எடிட்டிங் அறையில் பார்த்த அண்ணன் முதலில் கத்தினான். "என்ன இது? இன்ஸ்பெக்டரம்மாவே கொலை பண்ணின மாதிரி நிக்கிறாங்க! பேப்பர் போடுறவன்கூடத் திருட்டு முழி முழிக்கிறான்!"

"உனக்கே அப்படித் தோணுதா?" என்று கேட்டாள் அவள்.

அவன் இன்னொரு முறை போடச் சொன்னான். பிறகு சத்தமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். முன்பு எடுத்த பாட்டு டீச்சர் காட்சிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றான். "அந்த ரசிகர் அதைப் பிடிச்சுக்கிட்டே தொங்கட்டும்."

படப்பிடிப்பின் கடைசி நாள், முடிவு எழுதிய தாள் வந்தது. இன்ஸ்பெக்டரின் கார் ஓட்டுநர்தான் கொலைகாரன். கணவன் அதைப் படித்துவிட்டு ஓட்டுநராக நடித்தவரைப் பார்த்தான். அவர் பாவம், தோளைக் குலுக்கினார்.

படம் வெளியானபோது ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. முந்தைய இரண்டு பாகங்களைவிட இதுதான் பயமாக இருந்தது, யாரையும் நம்ப முடியவில்லை என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே கணவன் மச்சான் வீட்டுக்குப் போய்க் குழந்தைகள் படத்தைப் பற்றிச் சொன்னான். நான்காம் பாகத்துக்குத் தான் இல்லை என்றும் சொன்னான். அவளும் கூடப் போயிருந்தாள்.

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீ ஏதோ மறைக்கிறேன்னு நான் சந்தேகப்பட்டது சரிதான்."

"மறைச்சது சரி. நீ சந்தேகப்பட்டது வேற மச்சான்."

"உனக்கும் தெரியுமா பாப்பா?"

"தெரியும்ணே."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். மாதக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோயிற்று. வேலை இருந்ததால் அவளிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசினான்.

நான்காம் பாகத்துக்கு ஒரு பெண் ஒளிப்பதிவாளர் வந்தார். முதல் வாரக் காட்சிகளில் அதே ஜன்னல், அதே பாதி முகம், அதே கதவோரம். எல்லாம் இருந்தன. ஆனால் கடன் வாங்கிய சட்டை போட்டவர் போல ஒவ்வொரு ஃபிரேமும் கூனிக்குறுகி நின்றது. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"மாப்ளைக்கு ஒரு போன் போடு பாப்பா. வந்து இந்தப் பொண்ணுக்கு எப்படிப் பண்றதுன்னு சொல்லித் தரச் சொல்லு."

"நீயே போடுண்ணே."

அவன் வெகுநேரம் கைபேசியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போட்டான். மறுமுனையில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது. கணவன் கத்திப் பேசியது அவளுக்கும் கேட்டது.

"என்னை மாதிரி எடுக்கச் சொல்லி அந்தப் பொண்ணைப் படுத்தாதே மச்சான். அவங்க இஷ்டத்துக்கு விடு. படம் வேற மாதிரி இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

"வேற மாதிரி இருந்தா சனம் ஒத்துக்குமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதானே டைரக்டர்!"

அண்ணன் சிரித்தானா, செருமினானா என்று சொல்ல முடியவில்லை. போனை வைத்துவிட்டு, அந்த வாரம் எடுத்ததையெல்லாம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். பிறகு புது ஒளிப்பதிவாளரைக் கூப்பிட்டு, கதை நடக்கும் அந்த வீட்டை அவருக்கு எப்படிப் பார்க்கத் தோன்றுகிறது என்று முதல்முறையாகக் கேட்டான்.