நாற்பத்தொரு மேற்படி

அடித்தது ஒரே ஒரு சொல்லைத்தானே, அதுவும் முதலாளி சொல்லித்தானே... பசீர் அகமது பதிவேட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான், பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்து மாறிவிடுமா என்ன? போன மாதம் பனியன் கம்பெனிக்குப் புதுப் பதிவேடு போட்டபோது டோக்கன் வரிசைப்படி நாற்பத்திரண்டு பேர்களையும் முதலில் எழுதிக்கொண்டான், எல்லோருக்கும் ஒரே நிலைதானே என்று முதல் டோக்கன் ரத்தினசாமிக்கு நேரே ‘தற்காலிகம்’, கீழே நாற்பத்தொரு ‘மேற்படி’, கால் மணி நேரத்தில் முடிந்தது, தன்னைத்தானே மெச்சிக்கொண்டு ஒரு டீ கூடக் குடித்தான், மடையன். நேற்று முதலாளி சிவசுப்பிரமணியம், “ஏனுங்க பசீரு, கட்டிங் ரத்தினசாமிய மட்டும் நிரந்தரம்னு மாத்திப் போடுங்க” என்றார், இவனும் அந்த முதல் வரியை அடித்து ‘நிரந்தரம்’ என்று எழுதினான், அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாமளாபுரம் போய்விட்டார், கீழே இருக்கிற நாற்பத்தொரு மேற்படியும் இப்போது நிரந்தரம்! பதினோரு மணிக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் இதைப் பார்த்து முத்திரை வைத்துவிட்டால் ஒருவரையும் அசைக்க முடியாது, முதலாளி இவன் சீட்டைக் கிழித்துவிடுவார்.

மணி பத்தே முக்கால். திருத்துவது பெரிய வேலையா, இரண்டாவது வரியில் ‘தற்காலிகம்’ என்று எழுதினால் போதும், அதற்குக் கீழே எல்லோரும் பழையபடி ஆகிவிடுவார்கள்... ஆனால் இரண்டாவது டோக்கன் முனவர் பேகம், அவன் தங்கை, அறுபத்திரண்டில் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து தைக்கிறவள், ஏழு வருஷம், இது என்ன தற்காலிகம்? பேனாவைத் திறந்தபோது அவளே வாசலில் வந்து நின்றாள். “அண்ணா, மருதாக்காளுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க. ஊட்டுக்குப் போன்னா கேக்க மாட்டீங்குது, பேரெடுத்துப் போடுவாங்கன்னு பயப்படுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.” “நான் என்னத்தச் சொல்ல, போ கண்ணு, வேலையப் பாரு” என்று எரிந்து விழுந்தான், அவள் முகம் சுருங்கிப் போனாள். எப்படி எழுதுவது, இந்தக் கையால், இவள் பேருக்கு நேரே? எழுதாவிட்டால் நாளைக்கு வீட்டில் உலை ஏது? யா அல்லா... மருதாள், அவள் மூன்றாவது டோக்கன் அல்லவா, பாவம், முனவருக்கு அம்மை போட்டபோது முனவர் மிஷினையும் சேர்த்து ஓட்டியவள். வெளியே ஜீப் நின்றது. பசீர் குனிந்தான், மருதாள் பேருக்கு நேரே மை உலராத ‘தற்காலிகம்’ பளபளத்தது, பேனா எப்போது மூன்றாவது வரிக்கு வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.