இன்னொரு வார்த்தை

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி மூச்சிரைத்துக்கொண்டு சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. காலையிலிருந்து லேப்டாப்புக்கும் அவளுக்கும் இதே மல்லுக்கட்டுதான். அணைத்தாள், போட்டாள், மூடினாள், திறந்தாள். ஒருமுறை எழுத்துகள் தலைகாட்டிவிட்டு ஓடிப்போயின. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

மாலைக்குள் வேலையை அனுப்பியாக வேண்டும். கூட்டங்களில் பேசுவதைப் பதிவு செய்து ஒரு நிறுவனம் அனுப்பும். அவள் காதில் மாட்டிக் கேட்டு, வரிவரியாகத் தட்டச்சு செய்து கொடுப்பாள். முக்கால்வாசி முடித்தது அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் எங்கோ கிடந்தது. வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான். கணவரை விட்டுவிட்டு அவளால் எங்கும் போக முடியாது.

அவர் ஹாலில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் முடக்கிப் போட்டதோடு பேச்சையும் வாரிக்கொண்டு போயிருந்தது. மிஞ்சியது ஒரே வார்த்தை: போதும். தண்ணீர் வேண்டும் என்றாலும் போதும், ஜன்னலைச் சாத்து என்றாலும் போதும். சாப்பாடு போடும்போது போதும் என்றால் நிறுத்துவதா, இன்னும் ஒரு கரண்டி வைப்பதா என்று அவர் புருவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறிவெல்லாம் அப்படியே இருக்கிறது, வாய்க்கு வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாளாக அந்தப் பெண் வந்தாலே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இத்தனைக்கும் பேச்சுதான் அவருக்குச் சோறு போட்டது. ஒரு பெரிய அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால் எல்லோரும் இவருக்குத்தான் போன் போடுவார்கள். இருந்த இடத்தை விட்டு அசையாமல், "பதறாதீங்க, திரையில என்ன தெரியுதுன்னு மட்டும் படிங்க" என்று ஆரம்பித்து, முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். எதிர்முனையில் எவ்வளவு எரிந்து விழுந்தாலும் இவர் குரல் ஏறாது. கெட்ட வார்த்தை என்று ஒன்று அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

அவள் மறுபடி பொத்தானை அழுத்தினாள். இந்த முறை நீளமாக ஒரு பீப் சத்தம், பின்னாலேயே குட்டையாக இரண்டு.

"போதும்!" என்றார் அவர்.

"ஆமாங்க, எனக்கும் போதும்போதும்னுதான் இருக்கு."

அவர் இடது கையால் கட்டிலைத் தட்டினார். ஒரு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு விரல். அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

"அந்த சத்தமா? அது ஏதாவது சொல்லுதா?"

புருவம் ஏறியது. அப்படியென்றால் ஆமாம்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். பரணிலிருந்து அவருடைய கருவிப்பெட்டியை எடுத்துவந்தாள். அடிப்பக்கம் இரண்டு ஸ்குரூவில் ஒரு சின்ன மூடி இருந்தது. அவர் பார்வை அங்கேதான் நின்றது. அவள் திருப்புளியை வைத்ததும், "போதும், போதும்!" என்று கட்டிலைக் குத்தினார். வேறு இடத்தில் வைத்தாள். "போதும்!" எடுத்துவிட்டாள். அதற்கும் போதும்.

காலையிலிருந்து அடக்கி வைத்தது, அதற்கும் முன்னால் மாதக்கணக்கில் அடக்கி வைத்தது, எல்லாம் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது.

"என்னதான் செய்யணும்ங்கறீங்க? இந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் என்னத்தக் கண்டுபிடிக்க? நான் மட்டும் மனுஷி இல்லையா?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் திருப்புளியைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தாள். அழக்கூடத் தெம்பில்லை. கீழ்வீட்டில் யாரோ துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட விட்டிருந்தார்கள். அது கடகடத்து, ஓய்ந்து, மறுபடி கடகடத்தது. கோபித்துக்கொண்டு போய் உட்கார இந்த வீட்டில் இன்னோர் அறைகூட இல்லை.

கடைசியில் எழுந்து அவர் தோளைத் தொட்டாள். "சரி, வாங்க. எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மெதுவா காட்டுங்க."

கொஞ்சம் பிகு செய்துவிட்டுத் திரும்பினார். இடது கை காற்றில் எதையோ பிடுங்கியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சார்ஜர் வயர் இன்னும் சுவரில்தான் செருகியிருந்தது.

"ஐயோ, கரெண்ட்டோட கைய வைக்கப் பாத்தேனா? அதான் கத்துனீங்களா?"

புருவம் ஏறியது. வயரைப் பிடுங்கினாள், பேட்டரியைக் கழற்றினாள். இனி எதையும் அவர் முகத்தைப் பார்க்காமல் செய்வதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். உள்ளே நினைவகச் சில்லுகள் பதித்த ஒரு பச்சைப் பட்டை. பக்கத்துக் கொக்கிகளை விலக்கியதும் துள்ளி எழுந்தது. அதன் விளிம்பில் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருந்தன. அவர் கட்டைவிரலால் போர்வையைத் தேய்த்துக் காட்டினார்.

"துணியால தொடைக்கணுமா?" புருவம் இறங்கியது. "தண்ணி?" இன்னும் இறங்கியது. "பின்ன என்ன, சோப்பா?"

அவர் விட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு விரலால் காற்றில் எழுதினார், எழுதியதைத் தேய்த்தார்.

"ரப்பரா! அழிரப்பர்!"

மகளுடைய பழைய ரப்பர் ஒன்று பேனா டப்பாவில் கிடந்தது. பற்களைப் பதமாகத் தேய்த்து, தூளை ஊதி, பட்டையைத் திரும்பச் செருகினாள். மூடியை வைத்து முதல் ஸ்குரூவை முடுக்கிவிட்டு இரண்டாவதை எடுத்தபோது வேர்த்த விரலிலிருந்து அது நழுவி, டிங்கென்று தரையில் விழுந்து, கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது.

"சனியனே!"

தெளிவாக, முழுசாக, தொண்டையிலிருந்து வந்தது. அவள் நிமிர்ந்தாள். அவரும் யாரோ பேசியதுபோல் திகைத்துப்போயிருந்தார்.

"என்ன சொன்னீங்க?"

அவர் வாய் திறந்து மூடியது.

"சனியனேன்னு சொன்னீங்க! இன்னொரு தரம் சொல்லுங்க. என்னையே திட்டுங்க, பரவாயில்ல."

உதட்டைக் குவித்தார், பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. "போதும்" என்றார். தானே தலையை ஆட்டி, அது இல்லை என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலுக்கடியில் படுத்து ஸ்குரூவைத் துழாவும்போதும் வயிறு குலுங்கியது. எப்போது அது அழுகையானது என்று தெரியவில்லை. நல்லவேளை, கட்டிலுக்கடியில் முகம் தெரியாது. தூசியும் கண்ணீருமாக அவள் வெளியே வந்தபோது அவர் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருந்தது. அது அவருடைய சிரிப்பு.

ஸ்குரூவை முடுக்கி, பேட்டரியை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். கறுப்பு. பிறகு எழுத்துகள் வந்தன, வெளிச்சம் வந்தது. எருமை நடையில்தான் என்றாலும் வந்துவிட்டது. தட்டச்சு செய்தது ஒரு வரி குறையாமல் இருந்தது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"உங்கப்பா இன்னிக்கு சனியனேன்னு சொன்னாருடி."

"யாரைம்மா? உன்னையா?"

"என்னையா, ஸ்குரூவையா, லேப்டாப்பையான்னு தெரியல. கேட்டா போதும்ங்கறாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "பேச்சுப் பயிற்சி டீச்சர்கிட்ட சொன்னியா?"

சொல்லியிருந்தாள். கோபத்தில் வரும் சொற்கள் மூளையில் வேறு வழியாக வருபவை, அதை வைத்து ரொம்ப நம்பிவிடாதீர்கள் என்று அந்தப் பெண் இதமாகவே சொன்னாள். ஆனாலும் நாளைக்கு வருகிறேன் என்றாள். அதைக் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

மிச்சத்தை முடித்து அனுப்பும்போது வெயில் இறங்கிவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தபடி உதடுகளை ஓசையில்லாமல் அசைத்துக்கொண்டிருந்தார். எதைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"வர்றப்ப வரட்டும்ங்க. திட்டுறதுக்கு என்ன அவசரம்?"

இடுப்பு விட்டுப்போயிருந்தது. லேப்டாப்பை அணைக்கக் கை போனது. அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமோ, மாட்டேன் என்று அடம்பிடிக்குமோ. ஓடட்டும் என்று விட்டுவிட்டு, தலைக்குக் கையை வைத்துக் கட்டிலருகே வெறுந்தரையில் சாய்ந்தாள்.