பஜ்ஜி சாப்பிட்டுப் போன நகரங்கள்

வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் நாடு திரும்ப நினைத்தால், நகரங்கள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும். பிடித்திருந்தால் சொல்லி அனுப்பும். பிடிக்காவிட்டாலும் பஜ்ஜி சாப்பிடாமல் போவதில்லை.

ஷார்ஜாவில் பழைய லாரி டயர் வியாபாரம் செய்துகொண்டிருந்த தவசிமுத்துவுக்கு இந்த வழக்கம் தலைகீழாகப் பட்டது. அவர் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியவர் இல்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் ஒரு மணி நேரம் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னபோது, அதை அரை மணியாகக் குறைத்துவிட்டுத்தான் ஏறினார். இறங்கியவர் அப்படியே பள்ளிக்கூடத்தை விட்டும் இறங்கிவிட்டார். மீதிப் படிப்பு முழுக்க லாரி ஷெட்டுகளில் வாங்கிய அடிதான். அப்படிப்பட்ட ஆள், குடியிருக்கப்போகிற ஊரை நாலு தட்டுத் தட்டிப் பார்க்காமல், அது வந்து தன்னைத் தட்டிப் பார்க்கட்டும் என்று வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா?

"அண்ணாச்சி, நீங்க பொண்ணு வீடு. அதை மட்டும் மறந்துராதீங்க" என்று ஊர்த் தரகர் மீரான் பாய் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வாங்குறவன் நான். குடியிருக்கப் போறவன் நான். நான் எப்படிவே பொண்ணு வீடு ஆவேன்?"

"அது அப்படித்தான்."

தவசிமுத்து பிறந்த ஊரைக் கேட்கலாம்தான். ஆனால் அது ஏற்கெனவே ஒரு ரிசார்ட்டுக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டது.

அவசரம் என்னவென்றால், டயர் குடோன் இருந்த இடத்தில் ரோடு வரப்போகிறது. விசா மே மாதத்தோடு முடிகிறது. மகள் வெண்பாவுக்கு ஐந்து வயது, ஜூனில் பள்ளிக்கூடம். அதற்குள் ஊர் அமைந்தாக வேண்டும். அமையாத குடும்பமும் விமானம் ஏறலாம், இறங்கலாம், யாரும் தடுப்பதில்லை. இறங்கிய இடத்தில் வெளியே போகும் கதவுதான் திறக்காது. பெட்டிகள் வரும் பட்டையில் ஏறி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். எதிர் பிளாட்டில் இருந்த ஆடிட்டர் குடும்பம் அப்படித்தான் மூன்று வருடமாகச் சுற்றுகிறது. அவர்கள் பையன் வெண்பாவோடு வீடியோவில் பேசுவான். பேசிக்கொண்டே இருக்கும்போது ரப்பர்த் திரைக்குள் போய்விடுவான். அவன் மறுபக்கம் வெளியே வரும்வரை வெண்பா போனைப் பிடித்தபடி காத்திருப்பாள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் தவசிமுத்து எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். மகளைப் பட்டையில் ஏற்றுவதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதலில் சென்னை வந்தது. லிஃப்டில் கிண்டிவரைதான் அடங்கியது. தாம்பரம் கீழே பார்க்கிங்கில் நின்றுகொண்டது. சோபாவில் உட்கார்ந்ததும் சென்னை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏசியைக் கூட்டச் சொன்னது.

தவசிமுத்துவின் மனைவி கனிசெல்வி வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் கொண்டுவந்து வைத்தாள். வெண்பாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டிருந்தாள்.

"பாப்பாவைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்றது சென்னை.

வெண்பா நடந்தாள்.

"இப்படி இல்லம்மா. ரெண்டு பைக்குக்கு நடுவுல நடக்கணும். பிளாட்பாரத்துல ஒரு இளநிக் கடை, ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிற மாதிரி நெனச்சுக்கோ."

வெண்பா ஒருக்களித்து, மூச்சை உள்ளிழுத்து, சுவரோரமாக நடந்து காட்டினாள். சென்னைக்குத் திருப்தி. அடுத்த பஜ்ஜியை எடுத்தது. தவசிமுத்து அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வெயில்ல பாதியைக் குறைச்சிரு. தண்ணி லாரி வாசல்வரைக்கும் வரணும். கடல் முழுசாத்தான் தருவேன்னா அது எனக்குத் தோதுப்படாது, பீச்சை மட்டும் பிரிச்சுக் குடு."

"சார், கடல் இல்லாம பீச் எப்படி சார்?"

"அது உன் பாடு. முழு லாரி டயரு வேண்டாம், டியூப் மட்டும் போதும்னா நான் பிரிச்சுக் குடுக்கலியா?"

சென்னை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தது. "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோம்" என்றது. எந்த ஊருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தைக்கு இதுவரை ஒரே அர்த்தம்தான் இருந்திருக்கிறது.

"கடலை ஏங்க வேண்டாம்னீங்க?" என்றாள் கனிசெல்வி, தட்டுகளை அடுக்கியபடி.

"முதல் ரேட்டுலயே தலையாட்டுனா ஏறி மிதிச்சிருவானுக."

"அது போயே போயிருச்சு. இனி யாரை மிதிக்கும்?"

அடுத்த வாரம் கோயம்புத்தூர் வந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தது. கேசரியில் நெய் வாசனை ரொம்ப நன்றாக இருக்கிறதென்று சொன்னது. குழந்தையை நடக்கவும் சொல்லவில்லை, பாடவும் சொல்லவில்லை.

"எங்களுக்குன்னு எதுவும் எதிர்பார்ப்பு இல்லீங்க. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யோணும்னு நெனைக்கறீங்களோ, அதைச் செஞ்சாப் போதுமுங்க."

இதைக் கேட்டதும் மீரான் பாய்க்குக் குடித்த காபி புரையேறியது. நாற்பது பவுனுக்குக் குறையாத வாக்கியம் அது. தவசிமுத்துவோ அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்.

"எதுவும் வேண்டாம். நல்லதாப் போச்சு. இப்போ என் பக்கத்தைக் கேளு. உன் சில்லுனு காத்து இருக்கே, அது பழைய ஸ்டாக்கு. எங்க மாமா காலத்துல சொன்னதையே இன்னும் சொல்லி வித்துட்டு இருக்க. போன மார்ச்சுல நான் வந்தேன், வேர்வையில வேட்டி நனைஞ்சுபோச்சு. அதைக் கணக்குல கழிச்சிட்டுப் பேசு."

கோயம்புத்தூரின் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தது. டம்ளரைத் தானே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தது. "ஊருக்குப் போயிட்டுச் சொல்றோமுங்க" என்று கும்பிட்டது. இவ்வளவு மரியாதையாகத் தன்னை யாரும் செருப்பால் அடித்ததில்லை என்று தவசிமுத்துவே பிறகு ஒப்புக்கொண்டார்.

மதுரை போஸ்டரோடு வந்தது. தவசிமுத்துவின் வீட்டு ஹாலிலேயே அவரை வரவேற்று, அவர் முகத்தையே பெரிதாகப் போட்டு, கூரையிலிருந்து தரைவரை ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தது. பார்த்தவுடன் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. அரை மணி நேரம் தோளில் கைபோட்டுப் பேசினார்கள். பிறகு, கடைசி வார்த்தை யாருடையது என்பதில் தகராறு வந்தது. எதைப் பற்றிய கடைசி வார்த்தை என்று இருவருக்குமே நினைவில்லை. மீரான் பாய் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார். மதுரை சொல்லி அனுப்புகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. போஸ்டர் மட்டும் இருந்தது.

அதன் பிறகு வருவதாகச் சொன்ன திருச்சி, ஜலதோஷம் என்று சொல்லிவிட்டது. சேலத்துக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம். ஊர்களுக்குள் பேச்சுப் பரவாதா? எல்லாவற்றுக்கும் நடுவே ஓடுவது ஒரே ரயில் தண்டவாளம்தானே.

ஏப்ரல் பாதி போய்விட்டது. மீரான் பாய் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு போன் செய்தார்.

"ஒண்ணு இருக்கு. கொஞ்சம் வயசான இடம். வசதிக்குக் குறைவில்ல, வீடெல்லாம் தெரு நீளம். ஆனா சீர்ல ரொம்பக் கண்டிப்பு. வாயைத் திறக்காம இருப்பீங்களா அண்ணாச்சி?"

"எவ்வளவு நேரம்?"

"அவங்க எழுந்து போறவரைக்கும்."

"கால் மணி நேரம் இருக்கேன்."

"அண்ணாச்சி."

போனை வாங்கிக்கொண்டு கனிசெல்வி பேசினாள். "பாய், அவுக வாயைத் திறக்க மாட்டாக. நீங்க கூட்டிட்டு வாங்க." பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "பட்டையில ஏறினா, என் பிள்ளை அந்த ரப்பர்த் திரைக்குள்ள போகும்போதெல்லாம் நீங்க யாருகிட்ட பேரம் பேசுவீக?"

தவசிமுத்து வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அன்றே பழக ஆரம்பித்துவிட்டார்.

காரைக்குடி லிஃப்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படியேறி வந்தது. முதலில் முகப்பு, பிறகு நடுமுற்றமான வளவு, பிறகு இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தது. நிலைக்கதவுகள் பக்கவாட்டில் திரும்பி வந்தன. உட்கார்ந்ததும் தரையைப் பார்த்தது.

"டைல்ஸா?" என்றது.

தவசிமுத்துவின் தொடை துடித்தது. கனிசெல்வி அவர் பக்கம் திரும்பாமலே கேசரியை நகர்த்தினாள்.

காரைக்குடி எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வெண்பா, திறந்திருந்த ஒரு கதவு வழியாக அதற்குள் போய்விட்டாள். முதலில் பாவாடைச் சரசரப்பு கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பஜ்ஜி ஆறிப்போயிற்று. மீரான் பாய் அசர் தொழுகையை முடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அப்புறம்தான் வெண்பா வேறொரு கதவு வழியாக வெளியே வந்தாள். பட்டுப்பாவாடை முழுக்கத் தூசி. முடியில் ஒட்டடை.

"உள்ள நிறைய ரூம் இருக்குப்பா. யாருமே இல்ல. நான் கத்தினேன். திரும்பக் கத்துச்சு. நான் நிறுத்தினப்புறமும் கொஞ்சம் கத்துச்சு."

காரைக்குடி டம்ளரைக் கீழே வைத்தது.

"வீட்டுக்குள்ள பிள்ளை கத்தி எத்தனை காலமாச்சுங்கறேன்" என்றது. வெண்பாவின் முடியிலிருந்து ஒட்டடையை எடுத்துப் போட்டுவிட்டு, "பிள்ளையைப் பிடிச்சிருக்கு" என்றது.

இப்படி உட்கார்ந்த இடத்திலேயே பதில் சொல்லும் ஊரை மீரான் பாய் தன் தொழிலில் கண்டதில்லை. ஆனாலும் தொழில் தெரிந்தவர், உடனே கேட்டார்: "பெத்தவங்களையும் சேர்த்துத்தானே சொல்றீங்க?"

"தாய் பிள்ளையோட வர்றது முறை. வரட்டும்." காரைக்குடி தவசிமுத்துவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. "இவுகளைப் பத்தித்தான் நாலு பக்கமும் சொல்றாகளே. கடலைப் பிரிச்சுக் கேட்டவுக. எங்களுக்கு வேண்டாம்."

"அப்பா வரலைன்னா நானும் வர மாட்டேன்" என்றாள் வெண்பா. கனிசெல்வி கேசரித் தட்டை எடுத்துக்கொண்டாள்.

காரைக்குடி யோசித்தது. அது யோசிக்கும்போது உள்ளே எங்கேயோ ஒரு பெரிய பூட்டு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"ஆளா எடுத்துக்க முடியாது. சீர்ச் சாமானோட வேணும்னா அனுப்பி வைங்க. சாமான்ல நாங்க குறை சொல்ல மாட்டோம்."

எல்லோரும் தவசிமுத்துவைப் பார்த்தார்கள். கால் மணி நேரத்துக்குத்தான் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் மூன்று மணி நேரமாக வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார்.

"சாமான்ல எத்தனாவது?"

"கிரைண்டருக்கு அடுத்து."

"அது நடக்காது. பீரோவுக்கு முன்னால போடு."

"பீரோ தேக்கு."

"நான் நாற்பத்தோரு வருஷம் மழையிலயும் வெயிலயும் கிடந்தவன். இன்னும் செல்லரிக்கல. உன் பீரோவை ஒரு மழையில வை பாப்போம்."

"பீரோவுக்கு அடுத்து. கிரைண்டருக்கு முன்னால."

"முடிச்சுக்க" என்றார் தவசிமுத்து. மாட்டுச்சந்தைத் தரகர் மாதிரி கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசி முடித்த சுகம் அவர் முகத்தில் தெரிந்தது. மீரான் பாய் இரண்டு பக்கத்திலும் கமிஷனை வாங்கிக்கொண்டு போனார்.

மே மாதக் கடைசியில் விமானம் இறங்கி, வெளியே போகும் கதவு திறக்க, கனிசெல்வியும் வெண்பாவும் காரில் போனார்கள். தவசிமுத்து பின்னால் லாரியில், பீரோவுக்கும் கிரைண்டருக்கும் நடுவே வைக்கோல் சுற்றப்பட்டு வந்தார். லாரி டயர் மூன்றாவது முறையாக மேல் ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்தது என்பதை வழியிலேயே டிரைவரிடம் நாலு தடவை எடுத்துச் சொன்னார். சாமான் பேசினால் டிரைவர்கள் பதில் சொல்வதில்லை.

காரைக்குடியில் வந்த சீரை வளவில் பரப்பி வைப்பது வழக்கம். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, ஜாடிகள், மரவைக் கிண்ணம், பீரோ, தவசிமுத்து, கிரைண்டர் என்று வரிசையாகப் பரப்பினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி அவர் தலையில் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

"கனமாத்தான் போட்டிருக்காக" என்றாள்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் இன்னொருத்தி.

"பழகுனாச் சரியாப் போகும். எங்க வீட்டு மிக்சியும் முதல்ல இப்படித்தான்."

தவசிமுத்து அசையாமல் இருந்தார். உள்ளே எங்கோ நாலைந்து கட்டுத் தள்ளி வெண்பா ஓடுவது கேட்டது. அவள் கத்தினாள். வீடு திரும்பக் கத்தியது. இந்த முறை வெளியே தெருவும் சேர்ந்து ஒருமுறை கத்தியது.

சாயங்காலம் பெயர் வெட்டுகிறவர் வந்தார். சீராக வந்த எந்தச் சாமானையும் பெண்ணின் பெயர் வெட்டாமல் புழக்கத்துக்கு எடுப்பதில்லை. சின்ன உளியும் சுத்தியலும் வைத்திருந்தார். அண்டாவின் கழுத்தில் வெட்டினார், பானையின் விளிம்பில் வெட்டினார், பீரோவின் பித்தளைக் கைப்பிடியில் வெட்டினார். பிறகு தவசிமுத்துவின் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார்.

"இங்க இடம் நல்லா இருக்கு. 'வெண்பா'ன்னு மட்டும் போட்டாப் போதும்ல?"

"முன்னால இனிஷியலைப் போடு. 'த'. புள்ளியும் வை."

"மத்த சாமான்ல எல்லாம் போடலையே. ஒரு எழுத்து கூடும், கூலியும் கூடும். பரவாயில்லையா?"

"கூடட்டும்."

பெயர் வெட்டுகிறவர் பழைய துணியால் அவருடைய பிடரியைத் துடைத்தார். தவசிமுத்து வாகாகக் குனிந்து கொடுத்தார். முதல் எழுத்து விழுந்து முடியும்வரை கிரைண்டர் தன் முறைக்காகப் பொறுமையாக இருந்தது. பிறகு, நேரமாகிறது என்று மெதுவாகச் சொன்னது.